காப்புக் கட்டிய பதினாலு பேர்

வில்லாபுரம், மதுரை
வியாழக்கிழமை காலை

அன்புள்ள மாப்ள அருள்பாண்டிக்கு, உன் அக்காள் புருஷன் நல்லகாமன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காளும் உடம்பளவில் நலம். நாகபுரியில் நீயும் உன் இட்லிக் கடையும் நலமாக இருக்க அம்மனை வேண்டலாம் என்றால், இப்போதைக்கு நான் எதையும் வேண்டாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நம் ரன்வே பிரதர்ஸ் கால்பந்துக் கழகம் நாளை நாகபுரியில் வந்து இறங்காது. பதினாலு பேருக்கு மாவு ஆட்டாதே.

மண்டலத்துக்கு ஒரு சாம்பியன் கிளப் என்று எட்டு கிளப்பைக் கூட்டி, தோற்றவன் அன்றே பெட்டியைக் கட்டும் தேசியப் போட்டியை இந்த வருடம்தான் முதன்முதலாக நடத்துகிறார்கள். அதில் ஒரு ஆட்டம் ஆடிய சான்றிதழ் இருந்தால் போதும், உன் மருமகன், என் மகன் சூரியபிரகாஷுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வருகிற ஆனியோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அப்புறம் ஆயுசுக்கும் அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஓட்டுவதுதான். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கெடுத்தேன்.

மண்டல இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது கிளப் செயலாளர் என்கிற முறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்று, மைதானமே கேட்க, "ஆத்தா, ஜெயிச்சுக் குடு! பங்குனிப் பொங்கலுக்கு என் பயக பூராப் பேரும் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பாய்ங்க!" என்று கத்தினேன். நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவள் கேட்டுவிட்டாள், ஜெயித்தோம். செவ்வாய்க்கிழமை பதினாலு பேருக்கும் காப்புக் கட்டியாயிற்று. இனி எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. அன்று சாயங்காலமே போட்டிக் குழுவிடமிருந்து தகவல் வந்தது. சித்திரையில் நடக்க வேண்டியதை முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். சனிக்கிழமை நாகபுரியில் முதல் ஆட்டம்.

பூசாரி மொக்கையனிடம் ஓடினேன். "பகல்ல போயிட்டு, பொழுது சாய வீடு வந்து சேந்துரு, குத்தமில்ல" என்றார். ரயிலில் போகவே ஒன்றரை நாள் ஆகும் என்றேன். "அப்பக் கிட்டத்துல எங்கிட்டாச்சும் ஆடச் சொல்லு" என்றார். பூக்கட்டிப் பார்த்தோம். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை கேட்டதற்குப் பூசாரி பொட்டலத்தை மடியில் சொருகிக்கொண்டார். கடைசியில் உன் அக்காள்தான், நம் ஊர் மண்ணை மூட்டை கட்டிக்கொண்டுபோய் அங்கே பரப்பி அதன் மேல் நின்று ஆடினால் எல்லை தாண்டாத கணக்குத்தானே என்று கேட்டாள். பூசாரி கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "கோல்கீப்பருக்குச் சரி தாயி. அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற பயலுக்கு எம்புட்டு மண்ணக் கொட்டுவ?"

உன் மருமகன் முன்வரிசைக்காரன். பூட்ஸைத் துடைத்துப் பரண் மேல் வைத்தான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சாமி குத்தம் வந்து பிள்ளைகளுக்குக் கைகால் போனால் யார் பதில் சொல்வது என்று பயந்து, நேற்றிரவு கிளப் சீல் குத்தி, 'தவிர்க்க முடியாத காரணத்தால் விலகுகிறோம்' என்று போட்டிக் குழுவுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ரொம்பத் தெளிவாக, பிழையே இல்லாமல் எழுதினேன். இனி என் மகன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்புகள். குழந்தைகளுக்கு முத்தம். வியாபாரம் பெருகி நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ந. நல்லகாமன், செயலாளர்

பின்குறிப்பு: மாப்ள, மேலே உள்ளது எதையும் நம்பாதே. பதினாலு பேரும் ரயிலில் இருக்கிறார்கள்! ஆட்டோ ஓட்டப் போயிருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மகன் இப்போதுதான் ரயிலிலிருந்து போன் செய்தான். "அப்பா, காப்ப அவுக்கல. கட்டிக்கிட்டேதான் போறோம். ஆத்தா கேட்டா, நேந்துக்கிட்டது எங்கப்பன், அவருகிட்டக் கேளுன்னு சொல்லிக்கிறேன்" என்றான். பயல் சிரிக்கிறான். மெயில் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கடையைப் பூட்டிவிட்டுப் போட்டிக் குழு ஆபீசுக்கு ஓடு. செயலாளருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல். சாட்சி வேண்டுமென்றால் உன் அக்காள் சந்தோஷமாகப் பேசுவாள். கையில் காலில் விழுந்தாவது அவர்களை ஆட வை. அப்படியும் முடியாது என்றால் பிள்ளைகளுக்கு முதலில் வயிறாரச் சோறு போடு. அவனிடம் நீ எதுவும் சொல்லாதே. போனை அவன் கையில் கொடு. நானே சொல்கிறேன்.