காலேஜுக்கு லாயக்கு என்று கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கு

திருச்சிராப்பள்ளி,
தாரண வருஷம், கார்த்திகை மாதம்.

மகா கனம் பொருந்திய ஹெட்மாஸ்டர், என் மைத்துனர் செவ்வந்திலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, வாழைக்காய் மண்டி மருதை வணக்கம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லக்கிளியும் தேக சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்துக்கும், வீட்டம்மாள் சௌக்கியத்துக்கும், உங்கள் மகள் மட்டுவார்குழலியின் சௌக்கியத்துக்கும், காவேரி உங்கள் தெருவுக்குள் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கும் மலைக்கோட்டை சுவாமியை வேண்டிக்கொள்கிறோம். மரியாதைக்கு எழுத வேண்டியது எழுதியாயிற்று. இனி வருவதில் மரியாதை குறைந்தால் அது விஷயத்தின் கோளாறு, என் கோளாறு அல்ல.

விஷயம் உங்கள் மருமகன், என் பிள்ளை தாயுமானவனைப் பற்றியது. உங்கள் வீட்டிலேயே தங்கி, உங்கள் ஹைஸ்கூலிலேயே படித்து, எஸ்.எஸ்.எல்.ஸி. தேறி, காலேஜில் சேரத் தகுதியுள்ளவன் என்று உங்கள் கையெழுத்தோடு வந்து, ஆனி மாதம் இண்டர்மீடியட்டில் சேர்ந்தான் அல்லவா, அந்தத் தாயுமானவன்தான். தினம் காலையில் எண்ணெய் வைத்துத் தலைவாரி, புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, அம்மா கையால் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான். நானும் மண்டியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் 'பையன் காலேஜ் போறான்' என்று சொல்லிக்கொண்டு, அதைச் சொல்வதற்காகவே தராசை நிறுத்தி வைத்த நாளும் உண்டு. போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு இலைக்கட்டு கொண்டுபோகும்படி ஆயிற்று. வண்டிக்காரன் ஜுரமென்று படுத்துவிட்டான், சரி பஸ்ஸில் போவோம் என்றால், இந்த யுத்தம் வந்ததிலிருந்து பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாதே, கரியைப் போட்டு ஊதி ஊதி ஓட்டுகிறான், அது பாலத்தின் நடுவே மூச்சு முட்டி நின்றுவிட்டது. இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று போனால், தர்ப்பணம் பண்ண வந்த வெளியூர்க் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து ஒருத்தன் பிரசங்கம் பண்ணுகிறான். குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருக்கிறது.

மேட்டூரில் விழுகிற தண்ணீர் இங்கே எப்படி விளக்காக எரிகிறது என்பது பிரசங்கம். மணலில் அணை கட்டி, ஈர்க்குச்சியால் சக்கரம் பண்ணி, கையால் தண்ணீர் ஊற்றிச் சுற்றிக் காட்டுகிறான். ஒரு கிழவி விடவில்லை. "அப்போ ஆடியிலே வெள்ளம் வந்தா, விளக்கு பெரிசா எரியுமா தம்பி?" என்கிறாள். "எரியாது ஆத்தா. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் சக்கரத்துக்கு வேண்டிய தண்ணியைத்தான் மதகு வழியா விடுவாங்க" என்கிறான். எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது, மச்சான். மின்சாரத்துக்குக் காசு கட்டுகிறேனே தவிர, அது எங்கிருந்து எப்படி வருகிறது என்று இத்தனை நாள் எவனும் எனக்குச் சொன்னதில்லை. கூட்டம் கலைந்த பிற்பாடு முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்குக் காலேஜ் இல்லையாடா?"

"இருக்குப்பா."

"அப்புறம்?"

"நான்தான் இல்லே."

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை தானாகக் கீழே வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஆரம்பத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தானாம். எல்லாம் இங்கிலீஷில் மழையாகக் கொட்டுகிறதாம். புரியவில்லை என்று நடு பெஞ்சு, அங்கேயும் புரியவில்லை என்று கடைசி பெஞ்சு, அதற்கப்புறம் வெராந்தா, அதற்கப்புறம் பாலம் தாண்டி அம்மா மண்டபம். "சொல்றது எனக்குத் தெரிஞ்ச பாடம்தாம்பா. மாமா ஸ்கூல்லே படிச்சதுதான். அதைத்தான் சொல்றாங்கன்னு நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ளே அடுத்த பாடத்துக்குப் போயிடறாங்க. ஒரு நாள் கேள்வி கேட்டாங்க, பதில் தெரியும், வாயிலே தமிழ்தான் வந்தது, கிளாஸே சிரிச்சிடுச்சு" என்றான். கடைசியாக ஒன்று சொன்னான் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடுதாசி. "எனக்கு மண்டையிலே ஒண்ணும் இல்லேப்பா. வீட்டுப் பையன்னு மாமா மனசு இரங்கி ஸ்கூல் மார்க்கை நல்லாப் போட்டுட்டார் போலிருக்கு" என்றான். உங்கள் பேரில் பழி போடவில்லை. தான் மண்டு என்று தீர்மானம் பண்ணிவிட்டான். வருஷக் கடைசிப் பரீட்சையில் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்களாம். அதற்கு முன்னால் தானே நின்றுவிட்டான். இப்போது வீட்டில் யாரிடமும் பேசுகிறதில்லை. படித்துறையில் தெரியாத ஜனங்களிடம் மட்டும் பேசுகிறான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் காலேஜுக்குப் போனேன். பௌதிகம் சொல்லிக் கொடுக்கிற வீரராகவன் என்பவரைப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "பையனுக்கு விஷயம் தெரியுதுங்க, ஒரு தடவை தமிழ்லே கேட்டுப் பாருங்க" என்றேன். "கேக்கப்படாது ஓய், யூனிவர்ஸிடி ரூல். ஹைஸ்கூல்ல எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லிக் குடுத்துட்டு, இங்க கொண்டுவந்து கொட்டிட்டுப் போயிடறா. பாதிப் பேர் முழிக்கறான். நாங்க என்ன பண்றது சொல்லும்?" என்றார். அதோடு நிற்காமல், பையன் எந்தப் பாடத்தில் எங்கே தடுக்கி விழுகிறான், அந்தப் பாடம் என்ன, அதன் சூட்சுமம் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். அத்தனையும் அழகான தமிழ். வாழைக்காய் விற்கிற எனக்கே விளங்கிற்று. "இவ்வளவு தெளிவா எனக்குச் சொல்றீங்களே சாமி, இதையே பையனுக்குச் சொன்னா ஆகாதா?" என்றேன். "உமக்குப் பரீட்சை இல்லையே!" என்றார்.

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் அவரும் வந்து, குரலைத் தாழ்த்தி, "வேணும்னா சாயங்காலம் நம்மாத்துக்கு அனுப்பும். அங்க தமிழ்ல சொல்லலாம்" என்றார். ஊரில் மண்ணெண்ணெய் எப்படிக் கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பகலில் கடை வாசலில் 'இல்லை' என்று பலகை, பொழுது சாய்ந்தால் கொல்லைப்புறத்தில் தாராளம். படிப்பும் இப்படிப் பதுங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் நடத்தச் சொன்னது சர்க்கார் உத்தரவு, எங்கள் வேலை எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு தீர்ந்தது, அதற்கு மேல் காலேஜ்காரன் பாடு என்பீர்கள். அவனைக் கேட்டால் ஹைஸ்கூல்காரன் பாடு என்கிறான். நடுவில் என் பிள்ளை யார் பாடு? தமிழில் சொன்னது தப்பென்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். தமிழில் சொன்னதால்தானே அது உள்ளே இறங்கி, மணலில் அணை கட்டச் சொல்கிறது. ஆனால் நான் ஒரு தார் வெட்டினால் அது எங்கே போகிற தார் என்று கேட்டுத்தான் வெட்டுவேன். உள்ளூர்க் கடைக்கு ஒரு பதம், சென்னைப் பட்டணத்துக்கு ரயிலேற ஒரு பதம். தொட்டியத்து வாழைத்தோட்டத்தில் தார் வெட்டக் கத்தி பிடிக்கிறவனுக்குப் பட்டணத்தில் என்ன கேட்கிறான் என்று தெரியணும். உங்களிடமிருந்து காலேஜுக்குப் போகிறவன் இங்கிலீஷில் பாடம் கேட்கப் போகிறான் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்களே இங்கிலீஷில் படித்துப் பி.ஏ. வாங்கியவர்தானே! கடைசி வருஷத்திலாவது, 'தம்பிகளா, இதுக்கு அங்கே இன்ன பேரு, அதுக்கு இன்ன பேரு' என்று காதில் போட்டிருந்தால் உங்கள் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்தாலும் சரி. போன பொங்கலுக்கு நான் வந்தபோது, வெற்றிலை மென்றுகொண்டே என்ன சொன்னீர்கள்? "முறைமாப்பிள்ளைதான், இல்லேங்கலை. ஆனா இண்டர் பாஸ் பண்ணினாத்தான் குழலியைக் கொடுப்பேன், வெறும் எஸ்.எஸ்.எல்.ஸி.யை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றீர்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. மூட்டை கட்டியவர் நீங்கள், முதல் தரம் என்று மேலே எழுதியவர் நீங்கள், ஊருக்கெல்லாம் அதை நம்பு என்று அனுப்புகிறவரும் நீங்கள். உங்கள் வீட்டுக்கு என்று வரும்போது மட்டும், வேறு கடையில் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வா என்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்தை நீங்களே நம்பவில்லை, நான் நம்பினேன். மார்க்கெட்டில் என்னை ஏமாற்ற இதுவரை ஒருத்தன் பிறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறந்து, என் சம்சாரத்துக்கு அண்ணனாகவும் ஆகியிருக்கிறார்.

ஆகையால் முடிவு இதுதான். திங்கட்கிழமை தாயுமானவனைக் காலேஜிலிருந்து நிறுத்திவிடுகிறேன். மண்டியில் என் பக்கத்தில் உட்காரட்டும். இங்கே எவனும் இங்கிலீஷில் வாழைக்காய் கேட்பதில்லை. குழலியை உங்கள் மனதுக்கு ஏற்ற படிப்பாளிக்குத் தாராளமாகக் கொடுங்கள். கல்யாணத்துக்கு இலை நான் அனுப்புகிறேன், ஆள் வரமாட்டோம். நீங்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம்.

மற்றபடி, சகல சம்பத்தும் பெற்று, உங்கள் பள்ளிக்கூடம் மேன்மேலும் விளங்கி, நூற்றுக்கு நூறு பாஸ் என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கச் சுவாமி அருள் புரிவாராக. வீட்டம்மாளுக்கு என் வணக்கம். குழலிக்கு ஆசீர்வாதம், அதில் எந்தக் குறையும் இல்லை.

இப்படிக்கு,
மருதை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் பையனைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலேருந்து மண்டிக்கு வா, காலேஜ் போதும்" என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பயல் ஓவென்று அழுதுவிட்டான். "நான் நின்னுட்டா மாமா போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆயிடும்பா. நான் மண்டுன்னா பரவாயில்லே, மாமாவை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. இன்னொரு தடவை முதல் பெஞ்சிலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்கிறான். இத்தனை பக்கம் உங்களைத் திட்டி எழுதி முடித்துவிட்டு, உங்களுக்காக அழுகிறவனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனவே நிறுத்துவது இல்லை. வராதீர்கள் என்று எழுதியதும் ரத்து. சனிக்கிழமை தோறும் பஸ்ஸோ வண்டியோ எது கிடைக்கிறதோ அதில் புறப்பட்டு வரவும். தமிழில் சொல்லிக் கொடுத்தது முழுவதையும் இங்கிலீஷில் அவனுக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுக்கவும். அதற்கு முன்னால், வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, மார்க் அவன் வாங்கியதுதான், நீங்கள் போட்டதில்லை என்று உங்கள் வாயால் சொல்லவும். சாப்பாடு உண்டு. நான் மண்டியில் இருப்பேன், பேச மாட்டேன். மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை, எல்லாம் அப்படியே பாக்கி நிற்கிறது.

வரும்போது குழலியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள் உங்கள் தங்கை. அவள் சொன்னதை எழுதினேன். நான் சொல்லவில்லை.