வானத்திலிருந்து இறங்கிய மெட்டு

பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவரின் பாடுகள் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசை இளசுகள் தோளைக் குலுக்கியதை சவரிநாதன் தன் கண்ணாலேயே பார்த்தார்.

மலேசியாவில், ஈப்போ பக்கத்து லகாட் கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பாட்டு, மெட்டோடு சேர்த்து, அவருடைய அப்பா செய்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது மெட்டு வானத்திலிருந்து அப்பா காதில் இறங்கியதாக வீட்டில் சொல்வார்கள். கோயில் சுவரில் அப்பா பெயரில் கல்லே பதித்திருந்தார்கள். கேட்டு அழாதவர் இல்லை. இப்போது ஆடுகிறார்கள்.

காரணம் ஈப்போ காப்பிக் கடையில் கிடைத்தது. ரேடியோவில் ஐரோப்பாவையே ஆட்டிவைக்கும் ஒரு டிஸ்கோ. இடிக்கிற மேளத்துக்கு மேலே அதே மெட்டு. சவரிநாதன் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

சந்தேகம் நேராக ஜோன் மேல் போய் விழுந்தது. கேசட் கடைக்காரன். போன வருஷம் கோயிலில் பாட்டை டேப்பில் பிடித்தவன். போதாக்குறைக்கு மகள் ஹில்டாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

"வெள்ளைக்காரனுக்கு வித்துட்டியா?"

"மாமா, லகாட் கோயில் பாட்ட அவன் எதுக்கு வாங்குறான்லா?"

"அப்ப புது மோட்டார் சைக்கிள் எப்படி வந்துச்சு?"

"அது அண்ணனோட பழசு."

"பளபளன்னு இருக்கு?"

"தொடச்சேன் மாமா."

சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவனை சவரிநாதன் நம்புவதில்லை. சாட்சிக்காக அந்த டிஸ்கோ கேசட்டை வேறு கடையில் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து வீட்டு மங்களம் சந்தையில் எல்லோரிடமும் சொன்னாள், சவரி அண்ணனுக்கு இந்த வயசில் டிஸ்கோ பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

சரி, டிஸ்கோவுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிவிடுவோம் என்று குழு ஒத்திகையில் பாட்டை இழுத்து இழுத்துப் பாட வைத்தார். இரண்டு வார்த்தைக்கு நடுவே அவ்வளவு இடம் கிடைத்ததும், பின்வரிசை அதில் வாயாலேயே 'டும் டும்' போட்டு நிரப்பியது. ஆர்மோனியம் வாசித்த ஹில்டாவே சிரித்துவிட்டாள். அவளும் கூட்டுத்தான் என்று அவருக்குப் பட்டது.

அன்றே கல்யாணத்தை நிறுத்தினார். திருட்டுப்பயலுக்குப் பெண் கிடையாது. ஹில்டா ஆர்மோனியத்தை மூடினாள், அப்பாவிடம் பேச்சையும் நிறுத்தினாள். அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அப்பாவின் பெயர் அல்லவா?

கோயில் கமிட்டியைக் கூட்டினார். அசைக்க முடியாத சாட்சி ஒன்று அவரிடம் இருந்தது. அப்பா காலத்தில் லகாட்டில் இருந்த பிரெஞ்சுச் சாமியார், இப்போது தெலுக் இந்தானில் ஓய்வில் இருந்தார். வாடகைக் காடி ஒன்றில் ஏற்றி அழைத்து வந்தார்கள்.

எல்லோர் முன்னாலும் கேசட் ஓடியது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கைத்தடி தரையில் தாளம் போட்டது.

"இது எங்க அப்பா மெட்டுதானே சாமி? திருட்டு எங்க ஆரம்பிச்சுச்சுன்னு நீங்களே சொல்லுங்க. இவங்க கேக்கட்டும்" என்றார் சவரிநாதன்.

சாமியார் கண்ணைத் திறந்து, சுவரில் இருந்த கல்லைப் பார்த்தார்.

"இது எங்க ஊருல அறுப்பு முடிஞ்சா ஊரே ஆடுற பாட்டு, சவரி. நான் பாடினதக் கேட்டுத்தான் உங்க அப்பா எடுத்துக்கிட்டாரு. அன்னைக்கே பயந்து பயந்து கேட்டாரு, 'சாமி, இதுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் தேடி வருவாங்களா'ன்னு."