நாமத்துக்கு அடியில் மஞ்சள்

வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டால் போதும், ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இதில் ஆபத்து என்னவென்றால், நாளாக ஆக அவனும் தன்னை மேதை என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். நான் நம்பினேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் முடித்த மூன்று மாத கோர்ஸின் சர்டிஃபிகேட்டை அம்மா பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். (பெருமாள் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.)

அந்தச் சமயத்தில்தான் வைதேகி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி மாமா மெட்ராஸ்காரர், ஆசாரத்தில் நெருப்பு. நிச்சயதார்த்தத்தன்று என் நெற்றியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "பையனுக்குத் திருமண் இட்டுக்கத் தெரியாதோ? கோணிண்டிருக்கே" என்றார். சபையே என் நெற்றியைப் பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே மந்திரம்தான்: "அவா வாயால இன்னொரு குறை வரப்படாது." காபி ஆற்றும்போதுகூட அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்ன காஞ்சிபுரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் வடகலை, நெற்றியில் இடும் எங்கள் நாமத்துக்கு அடியில் மூக்கில் இறங்கும் பாதம் கிடையாது. தென்கலையாருடையதற்குப் பாதம் உண்டு. இரண்டு தரப்பும் ஒன்றாகக் காபி குடிப்போம், கிரிக்கெட் ஆடுவோம், ஒரே பெருமாளைச் சேவிப்போம். நாமம் என்று வந்துவிட்டால் மட்டும் கோயில் யானையின் நெற்றியைக்கூடச் சும்மா விடமாட்டோம்.

பத்திரிகை வேலையைத் தெருமுனை டி.டி.பி. சென்டர் செல்வம் அண்ணாவிடம் கொடுத்திருந்தோம். உச்சியில் எங்கள் நாமம், இரண்டு பக்கமும் சங்கு சக்கரம், கீழே வாசகம். பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரி சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் சம்பந்தி மாமா தங்கள் பங்குப் பத்திரிகைகளை வாங்கிப்போக வருகிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, அன்றைக்கே அச்சாகி வரும்படி பார்த்துக்கொள் என்று அப்பா என்னை அனுப்பினார்.

"இன்னாபா இது, பிரிண்ட் குடுத்தா இடம் இல்லை இடம் இல்லைன்னு சொல்லிக்கினே இருக்குது" என்றார் செல்வம் அண்ணா.

"சி டிரைவ் ஃபுல் ஆயிடுத்து அண்ணா. கொஞ்சம் தள்ளிக்கோங்கோ, நான் இடம் பண்ணித் தரேன்."

"எதுனா ஆயிடப் போவுதுபா. உங்க அக்கா பத்திரிகை."

"நான் கோர்ஸ் முடிச்சிருக்கேன் அண்ணா."

(இந்த வாக்கியத்தைச் சொன்ன எவனும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.) அவர் என்னை நம்பி, அட்டை வாங்கிவர வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

டிரைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், திரையில் வட்டமாக ஒரு பெரிய நீலத் தோசை. ஓரத்தில் ஒரு வாய் பிய்த்த அளவுக்குத்தான் ஊதா நிறத்தில் காலியிடம். குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். டெம்ப் ஃபோல்டரைத் துடைத்தேன். ஊதா நூலளவு பெருத்தது. பிரிண்ட் கொடுத்தேன், இடம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் அது வேறு எனக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே நுழைந்தேன். 'அங்கே மட்டும் கை வைக்காதே' என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அங்கே எழுத்துருக்கள், அதாவது ஃபாண்டுகள், கும்பல் கும்பலாக இருந்தன. ஒரு மனுஷனுக்கு எதற்கு இத்தனை விதமான 'அ'? பத்திரிகைதான் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதே, அதன் எழுத்தும் அதற்குள்தானே இருக்கும்? மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அழித்தேன். கோர்ஸில் நான் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான்.

தோசையில் நல்ல துண்டு ஊதாவாயிற்று. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பத்திரிகையைத் திறந்தேன்.

அக்காவின் பெயர் இருந்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்து, ஓர் அரைப்புள்ளி, ஒரு கேள்விக்குறி. மாப்பிள்ளை ஓர் அடைப்புக்குறிக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். உச்சியில் நாமம் போய், ஒரு கொழுத்த ஆங்கில எழுத்து மட்டும் நின்றது. நாமம், சங்கு, சக்கரம் எல்லாமே எழுத்துருவில், கீபோர்டின் ஒவ்வொரு சாவிக்குள் இருந்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. செல்வம் அண்ணாவின் எழுத்துரு சிடியைத் தேடினேன். உறை இருந்தது, சிடி இல்லை. இந்தக் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறது, அக்கா காலம் முழுக்க என்னைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்திருக்கப்போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்த்தா வீட்டுக்குப் பறந்தேன். பார்த்தா என் வகுப்புத் தோழன். அவன் சித்தப்பா அச்சகம் வைத்திருந்தார்.

"என்னடா, பேயறைஞ்சாப்ல வந்து நிக்கறே?"

"ஃபாண்ட் வேணும்டா. பத்திரிகைக்கு உங்க சித்தப்பா போடற ஃபாண்ட் எல்லாம். இப்பவே."

ஏன் என்றுகூடக் கேட்காமல் ஃபிளாப்பி ஃபிளாப்பியாக அள்ளிக் கொடுத்தான். தங்கமான பையன். தென்கலைப் பையன் என்பது அந்த நேரத்தில் என் ஞாபகத்திலேயே இல்லை.

திரும்பி வந்து ஏற்றினேன். அரைப்புள்ளி மறைந்து அக்கா வந்தாள். அடைப்புக்குறியிலிருந்து மாப்பிள்ளை விடுதலையானார். உச்சியில் நாமம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசகத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். நாமத்தை யாராவது சரிபார்ப்பார்களா? செல்வம் அண்ணா வந்தார், பிரிண்ட் எடுத்தார், சாயங்காலத்துக்குள் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக அச்சாகிவிட்டன.

மறுநாள் காலையில் முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ அப்பா மணையில் உட்கார்ந்தார். மூன்று மூலை ஆயிற்று. நாலாவதுக்குப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

"ஸ்ரீதரா, இங்க வா. நம்மாத்துப் பெருமாளுக்கு எப்படா பாதம் முளைச்சுது?"

எட்டிப் பார்த்தேன். பளிச்சென்று, அழகாக, தெளிவான பாதம். பார்த்தாவின் சித்தப்பா, தன் வசதிக்காக, அதே சாவியில் தங்கள் நாமத்தை வைத்திருக்கிறார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மெட்ராஸ் பஸ் வந்திருக்கும். ஐயோ, அவர் இப்ப வந்துடுவாரே!" ஓரிக்கைப் பக்கம் ஓடிப்போய்ப் பாலாற்றில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். (அதில் தண்ணீர் இல்லை. மணலில் குதித்தால் முட்டிதான் பெயரும்.)

அக்காதான் எழுந்தாள். கல்யாணப் பெண், கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. "அழுதுண்டு நிக்காதே. போய் நெறைய மஞ்சள் கரைச்சுண்டு வா" என்றாள். மஞ்சளில் கட்டைவிரலைத் தோய்த்து, நாமத்தின் பாதத்தின் மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். பாதம் போயிற்று. எங்கள் நாமம் ஒரு மஞ்சள் வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் வீடே உட்கார்ந்து விரல் தோய்த்தது. வாசலில் செருப்பு கழலும் சத்தம் கேட்டபோது நான் சம்பந்தி வீட்டுப் பங்கின் கடைசிப் பத்திரிகையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஒரு பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வாசகத்தைப் படித்தார். மேலே போனார். அங்கேயே நின்றார்.

"நாமத்துக்கு அடியில மஞ்சளா? புதுசா இருக்கே. உங்காத்து சம்பிரதாயமோ?"

பொய்யே சொல்லாத அப்பா மஞ்சள் விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். "ஆமாம். இப்பதான்... ஆரம்பிச்சிருக்கோம்."

"லட்சணமா இருக்கு" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் மாமா அந்த மஞ்சளை விடவில்லை. அடுத்து அவர் இளைய பிள்ளை கல்யாணப் பத்திரிகையிலும் நாமத்துக்கு அடியில் மஞ்சள். பிறகு மருமான், மருமாள், தாயாதிகள். இப்போது பாதி மெட்ராஸ் அது பூர்வீக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது போனில் இடம் இல்லை என்றால் மட்டும், "ஸ்ரீதரன் கண்ணுல படாம வச்சுக்கோ" என்பார்கள்.

போன வருஷம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். வாட்ஸப்பில் அனுப்பும் பத்திரிகையை வடிவமைத்த பையன் வீட்டுக்கே லேப்டாப்புடன் வந்து, "சார், உங்க அக்கா கல்யாணத்துப் பழைய கார்டை ஸ்கேன் பண்ணதுல இங்க ஒரு மஞ்சள் கறை விழுந்திருக்கு, எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். எண்பதைத் தாண்டிய மாமா சாய்வு நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார்.

"எடுக்காதேப்பா, எடுக்காதே!" என்றவர், என் பக்கம் திரும்பிச் சாவதானமாகச் சொன்னார்: "அடியில பாதம் இருக்கு."