புழு சார் போட்ட சிவப்புக் கோடு

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷங்களில், பாறசாலையில் எந்தப் பக்கமும் சேராத ஒரே மனுஷன் புழு சார்தான். ஊர் தமிழா மலையாளமா என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது, அவர் மணலா சருகா என்று உடைத்துக்கொண்டிருந்தார்.

மலையோடைகளில் ஒரு புழு உண்டு. சில வகை மணலை ஒட்டிக் கூடு கட்டும், சில வகை சருகை. பிறகு சிறகு முளைத்து விட்டில் மாதிரிப் பறந்துவிடும். இங்கிலீஷில் காடிஸ் என்பார்கள். என் அறைத்தோழரான இந்த சயன்ஸ் வாத்தியாருக்கு அதை இனம் பிரிப்பதைத் தவிர வேறு சந்தோஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சுக்குப் போகும். இவர் புழு அரிக்க சாயாக்கடை அரிப்பை, அதுதான் டீ வடிகட்டியை, இரவல் வாங்கிக்கொண்டு வெள்ளறடை மலையோடைக்கு பஸ் ஏறுவார். அரிப்பு எங்கே போய் வருகிறது என்று தெரிந்த நாளில் நான் சாயாவை விட்டேன்.

கொடியோடு வந்த பையன்கள் ஒருநாள் அவரை மடக்கினார்கள்.

"சாரே, நீங்க எந்தப் பக்கமாக்கும்?"

"ஒரு புழுவுக்கு இனம் தெரியாம மூணு வருஷமா ஒறக்கம் இல்ல மக்கா. அது முடிஞ்ச பொறவு சொல்லுதேன்."

அந்தப் புழுவின் கூடு பாதி மணல், பாதி சருகு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. பறக்கும் ஆண் பூச்சியின் வால்நுனியைப் பார்த்தால்தான் இனம் சொல்லலாமாம். அதற்காக ஆறு புழுக்களை அறையில் தொட்டியில் வளர்த்தார். அவை கூட்டை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தன. இன்னும் சில நாளில் பறந்துவிடும் என்ற நிலையில் போலீஸ் வந்தது.

அவர்கள் தேடியது போராட்ட நோட்டீஸ். கண்டது சுவரில் அவர் வரைந்திருந்த ஓடைகளின் படம். குறுக்கே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. மேலே சருகுக்கூடு, கீழே மணல்கூடு.

"எந்தாடோ இது? அதிர்த்தியோ?" என்றார் ஏட்டு.

எல்லையா என்று கேட்கிறார். தன் ஆராய்ச்சி ஒருவருக்காவது புரிந்ததே என்று புழு சார் பூரித்துப்போனார்.

"அதிர்த்தி தன்னே, ஏமானே! ஞானாக்கும் வரைச்சது!"

எல்லையேதான், வரைந்ததும் நான்தான் என்று அவர் வாயாலேயே சொன்னபின் ஏட்டுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போதும் இவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "எலே, தெனமும் தண்ணி மாத்தணும்! ஓடைத் தண்ணியாக்கும். கெணத்துத் தண்ணிய ஊத்திராதே!"

வெள்ளறடைக்கு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் போகவில்லை. குடத்தோடு போனால் என்னையும் பிடித்துவிடுவார்கள் என்று பயம். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். நாலாம் நாள் தொட்டி நாறியது. ஆறும் செத்துவிட்டன.

ஒன்பதாம் நாள் அவர் வந்தார். கன்னம் வீங்கி, ஒரு கண் திறக்கவில்லை. நேரே தொட்டியிடம் போனார்.

"தெனமும் ஓடைத் தண்ணிதான் சார்," என்றேன், கூசாமல்.

தொட்டியின் உள்விளிம்பில் எங்கள் கிணற்றுச் செம்மண் கறை வட்டமாகப் படிந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓடைத் தண்ணியிலயும் சாவும் மக்கா. நீ வெசனப்படாதே. கஞ்சி குடிச்சியா?"

நான் வெளியே போய் அழுதேன். அதன்பின் ஞாயிறுதோறும் நானும் கூடப் போனேன். அந்தப் புழு மட்டும் மறுபடி கிடைக்கவே இல்லை. வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு முறையும், பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குத்தான் கொடுத்தார்.