சிரஸ்தாரின் அபாரப் பசி

“போதுமா?” என்று கேட்டுவிட்டு, சாதக் கரண்டியும் கையுமாகப் புருஷன் முகத்தையே பார்த்தாள் கோமளம்.

கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் வேதாந்தத்துக்குச் சாம்பார் சாதத்திலேயே வயிறு அடைத்துவிட்டது. வரும் வழியில் ஒளிந்து பிடித்த சிகரெட் செய்த வேலை. ஆனால் போதும் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

“போதுமாவது? போடு,” என்றார்.

போன மாதம் மாமல்லபுரம் கடற்கரையில், செங்கல்பட்டிலிருந்து உல்லாசப் பயணம் வந்த குமாஸ்தாக்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், “புகையை வென்றவனே புலனை வென்றவன்” என்று முழங்கிவிட்டுச் சிகரெட் டப்பாவைக் கடலில் எறிந்தவர் அவர். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. மறுபடி எறிந்தார்.

அன்று பிடித்தது அகோரப் பசி. “சிகரெட்டை விட்ட ஆம்பிளைக்கு இதுதான் அடையாளம்,” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். ரேஷன் காலம். மாத அரிசி பாதி மாதத்திலேயே தீர்ந்தது.

அப்போதுதான் தெருமுனை வெற்றிலைபாக்குக் கடை ஹமீது, ஓசியில் ஒரு தீக்குச்சி கொடுத்தறியாதவன், அவரைக் கூப்பிட்டான்.

“புதுசா வந்துகீது சாமி. காசு வேணாம், சும்மா இழுத்துப் பாருங்க.”

வேதாந்தம் அவனுக்கு விரதத்தின் மேன்மையை விளக்கினார். விளக்கி முடித்தபோது சிகரெட் பாதி தீர்ந்திருந்தது.

அன்றைக்கே கோமளம் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்: “பசி கொஞ்சம் கொறைஞ்சிருக்கோன்னா?”

“யார் சொன்னா?” என்று கூட இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

மறுநாளும் ஹமீதின் ஓசிச் சிகரெட்டை இழுத்துவிட்டு, நாற்றம் தெரியாமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டு வந்தார். சட்டையை வாங்கி மாட்டுகிற சாக்கில் அவள் மோந்து பார்த்தாள்.

“ஒரு நாத்தமும் இல்லையே,” என்றாள், திருடனைக் கோட்டைவிட்ட போலீஸ்காரன் குரலில்.

சந்தேகத்தை வேரோடு பிடுங்க எண்ணி வேதாந்தம், “ராத்திரிக்கு அடை பண்ணிடு,” என்றார்.

“சாதத்துக்கு மேலேயா?”

“சிகரெட்டை விட்டவன்டீ. பசிக்காதா?”

கோமளம் படியை எடுத்துக்கொண்டு, அரிசி கடன் கேட்க அடுத்த வீட்டு சாவித்ரியிடம் போனாள்.

வாரக் கடைசியில் வயிறு கல்லாகிவிட்டது. கோட்டுப் பொத்தான் தெறித்து வக்கீல் மேஜையில் விழுந்தது. அன்று இரவு அவர் இலையில் மட்டும் சாதம். பிள்ளைகள் தட்டில் கஞ்சி. அதைப் பார்த்த பிறகுதான் கடலில் எறிந்த சபதம் ஞாபகம் வந்தது.

காலையில் முதல் வேலையாக ஹமீது கடைக்குப் போனார்.

“இனிமே எனக்கு சிகரெட் குடுக்காதேப்பா. பிடிச்சுண்டு, பிடிக்காதவன் மாதிரி சாப்பிட என்னால முடியலை.”

ஹமீது வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“அட, அதான் சங்கதியா சாமி? ‘சிகரெட்டு குடுத்தா பசி அடங்கும்னு காசு குடுத்தேனே, மின்னயவிட ஜாஸ்தியா சாப்பிடறாரே, நீ என்னத்தைக் குடுக்கறே’ன்னு, ஒங்க வூட்டம்மா தெனம் வந்து என்னைப் பேஜாரு பண்ணுது.”