கூடத்துக்கு நடந்து வந்த வாஷிங் மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம்; வாஷிங் மெஷின் மட்டும் நலமில்லை. நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்று நம்பி, நேரே நீங்கள் மெஷின் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய வக்கீல் நோட்டீஸுக்கு வருகிறேன். கையெழுத்துக் கோணலுக்கு வயது காரணமில்லை, ஓடுகிற மெஷின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அத்தைக்குத் தோள்பட்டை வலி. இனி நீ ஒரு கைக்குட்டையைக்கூடக் கசக்க வேண்டாம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய மெஷின் இது. முதல் நாளே உறுமிக்கொண்டு குளியலறையை விட்டுக் கூடத்துக்கு நடந்து வந்துவிட்டது. பிளக் பிடுங்கிக்கொண்டதால் நின்றது, இல்லாவிட்டால் படியிறங்கியிருக்கும். அன்றிலிருந்து நான்தான் ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பிடிக்கிறேன். கீழ்வீட்டுக்காரர், "மேல பிரஸ் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நேற்று உங்கள் அத்தை பழைய பக்கெட்டை எடுத்துக்கொண்டு துவைக்க உட்கார்ந்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், "மெஷின்ல குறை இருந்தா மாத்தித் தருவோம் சார், நீங்க ஏதாவது பண்ணியிருந்தா வாரண்டி கிடையாது" என்கிறாள் ஒரு பெண். நானா பண்ணுவேன்? கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க சீல் உடையாமல் சரக்கைக் கைமாத்தினவன் நான். மேல் உறையைக்கூட இன்னும் பிரிக்கலை. பின்பக்கம் கம்பெனி முடுக்கி அனுப்பின நாலு போல்ட்டையும், தளர்ந்துடக் கூடாதுன்னு வாரம் தவறாம நானே ஸ்பேனர் போட்டு இறுக்கறேன். இதை அப்படியே நோட்டீஸ்ல போடுங்க. குறை அவங்களோடதுதான்னு காட்ட இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என் மகளுக்கு ஆசிகள். உங்கள் வாதம் ஜெயிக்கட்டும்.

இப்படிக்கு,
ஆடிக்கொண்டிருக்கும் மாமனார்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் கம்பெனி அனுப்பிய மெக்கானிக் வந்துவிட்டார். எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் தொடர்கிறேன். பின்னால் குனிந்து பார்த்து, அந்த நாலு போல்ட்டையும் கழற்றி என் கையில் கொடுத்தார். "வண்டியில வரும்போது உள்ளே டிரம் ஆடாம இருக்கப் போட்டது சார். இறக்கினதும் கழட்டிடணும். யாரு இதை இவ்வளவு இறுக்கினது?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். மெஷின் இப்போது ஓடுவதே தெரியவில்லை. நோட்டீஸ் வேண்டாம்.

உங்கள் அத்தை என்னைக் காட்டி மெக்கானிக்கிடம் சொன்னாள்: "குறை எதுலன்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. ஆனா இவருக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சுடுச்சு, மாத்தித் தர மாட்டாங்க."

தோள் குலுங்கச் சிரித்தாள். வலிக்கவில்லையாம்.