டிராலி மேஸ்திரி விட்ட ரயில்

சென்னைப் பட்டணத்துக்குத் தண்டவாளம் போட்டவர்கள் அத்தனை பேரும் அறிவு கெட்டவர்கள் என்று, ரயில்வே சம்பளம் வாங்கிக்கொண்டே பகிரங்கமாகச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் டிராலி மேஸ்திரிதான். அப்போது நான் ராயபுரம் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. துரைமார் லைனைப் பார்வையிட உட்கார்ந்து போகும் தள்ளு டிராலியும் அதைத் தள்ளும் நாலு ஆட்களும் மேஸ்திரியின் ராஜ்யம்.

"இன்னா ரைட்டரே, இரும்பு போட்டு கீது. அது மேல நாள் பூரா காக்கா குந்திகினு கீது. சனம் பக்கத்துலயே வெயில்ல நடந்துகினு கீது. சின்னதா ஒரு வண்டி வுட்டா இன்னா கெட்டுப் பூடும்?" என்பார்.

சரக்கு வண்டி போகாத நேரத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை குட்டி வண்டிகள் ஓட வேண்டும். ஆள் நின்ற இடத்தில் டிராம் மாதிரி நிற்க வேண்டும். இதுதான் அவர் திட்டம். ஒரு சாவு வீட்டில் பாடை தூக்கினவர்களிடமே, தன் வண்டி இருந்தால் தோள் வலிக்காது என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார்.

புதிதாக வந்த துரையையும் அவர் விடவில்லை. அவர் பேச்சைத் துரைக்கு மொழிபெயர்த்த துபாஷி நான்தான். அன்று துரைக்கு என்ன தோன்றியதோ, "ஓட்டிக் காட்டு" என்றுவிட்டார். ஒரே நிபந்தனை: பகல் சரக்கு வண்டி வருவதற்குள் டிராலி திருவொற்றியூர் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மேஸ்திரிக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்.

புறப்பட்டோம். பெஞ்சில் துரையும் நானும், பின்னால் மேஸ்திரியும் தள்ளும் ஆட்களும். பாதி வழியில் அஞ்சலை என்கிற மீன்காரி கூடையோடு நடந்துகொண்டிருந்தாள். மேஸ்திரி பிரேக்கைப் போட்டு அவளை ஏற்றிக்கொண்டார்.

"நேரமாகிறது மேஸ்திரி!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஆளப் பாத்து நிக்கலன்னா அது டிராம் இல்ல ரைட்டரே, கூட்ஸு!"

இப்படியே வழி நெடுகக் கூடைகள் ஏறின. துரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார். கெடு தாண்டிவிட்டது.

எதிரே கூவென்று ஒரு சத்தம். புகை. சரக்கு வண்டியேதான்!

டிராலியைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். நாலு ஆட்கள் தூக்குவதற்கு முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். துரையோ கூடைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலை பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்து நடந்துகினு கீறேன். இன்னிக்கித்தான் குந்துனேன். அந்த வண்டிய ஒதுங்கிப் போவச் சொல்லு!"

"அது எங்க தாயி ஒதுங்கும்? ஒத்த லைனு!"

"வண்டி வுட்டது நீதான? ஒதுங்க வழி வுடலியா?"

மேஸ்திரி லைனை முன்னும் பின்னும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் யோசிக்காத ஒரே சங்கதி அதுதான்.

என்ஜின் பெரிதாகிக்கொண்டே வந்தது. விசில் காதைக் கிழித்தது. மேஸ்திரி கடற்கரைப் பக்கம் திரும்பி, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அலறினார்.

"டேய், கட்டுமரம் தூக்குற மாரி வந்து தூக்குங்கடா!"

ஓடி வந்தார்கள். "ஐலசா!" என்று ஒரு குரல். துரை, நான், அஞ்சலை, மற்ற மீன்காரிகள், கூடைகள் எல்லாம் இருந்தது இருந்தபடியே ஆகாசத்தில் எழும்பி மணலில் இறங்கினோம். அடுத்த மூச்சில் சரக்கு வண்டி தடதடவென்று கடந்தது. துரையின் தொப்பியும் அதோடு போயிற்று.

வெறும் தலையைத் தடவிக்கொண்டிருந்த துரையிடம் மேஸ்திரி முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "பாத்தீங்களா தொர! ஒதுங்கறதுக்குத் தனி லைன்கூட வேணாம். சனமே தூக்கி வுட்டுடும்!"

"என்ன சொல்கிறான்?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

"சாரி சொல்கிறார்" என்றேன்.

"நோ சாரி!" என்று மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். "டிராம் குட்!"

மேஸ்திரியின் வேலை அந்த மணலிலேயே போயிற்று. கொஞ்ச நாளில் அவர் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

நான் இன்றும் திருவொற்றியூரிலிருந்து அந்த லைன் ஓரமாகத்தான் ஆபீசுக்குப் போகிறேன். கால் வலிக்கும்போதெல்லாம் அவர் நினைப்புத்தான் வருகிறது. அந்த மனுஷர் மட்டும் இங்கே இருந்திருந்தால் என்னை நடக்க விட்டிருக்கமாட்டார்.